முன்கூட்டி எழுதிய பெயர்

பாலர் பள்ளிகள் கிராமங்களுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. உத்திரமேரூர் பக்கத்துச் சிற்றூர்களில் அவற்றுக்கு ஆயாக்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. ஒருமுறை, நிலக்கிழார் ஒருவர் பரிந்துரைத்த பெண்ணின் பெயரை நேர்காணலுக்கு முதல் நாளே எழுதிவிட்டேன். மற்றவர்களை ஒப்புக்குத்தான் அழைத்தேன்.

கடைசியாக வந்தவள் அஞ்சலை, வயலில் கூலி வேலை செய்பவள். செய்யாற்றில் இறங்கிக் கடந்து வந்ததில் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“நடவ வுட்டுட்டு வந்துகீறேம்மா. ஆள் எடுத்தாச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க, திரும்பி ஓடிடறேன்” என்று சிரித்தாள்.

“இன்னும் முடிவாகவில்லை” என்றேன். அந்தப் பொய்யை மறைக்கவே நிறையக் கேள்விகள் கேட்டேன்.

“குழந்தை ஓயாமல் அழுதால் என்ன செய்வாய்?”

“இன்னாத்துக்கு அழுவுதுன்னு மொதல்ல பாக்கணும்மா. பசியில அழுவறது வேற, பயத்துல அழுவறது வேற இல்லையா?”

வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. விடைபெறும்போது அவள் கைகூப்பினாள். “என்னிய ஒக்கார வெச்சி இம்மாம் நேரம் யாரும் கேட்டதில்லம்மா. வேல கெடைக்காட்டியும் பரவால்ல.”

எழுதிய பெயரை அடிக்கும் துணிவு அன்று எனக்கு வரவில்லை.

பிறகு பல ஆண்டுகள் எத்தனையோ பேரை வேலைக்குத் தேர்ந்தெடுத்தேன். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை பேனாவைத் திறந்ததே இல்லை. நேர்மையானவள் என்று பலரும் என்னைப் புகழ்ந்தார்கள். அஞ்சலைக்கு மட்டும் நான் அப்படி இருக்கவில்லை. அவளோ என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.