டீ வராதவன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலைக்கான தேர்வு. எல்லா வாடிக்கையாளர்களையும் அவரவர் ஆர்டரோடு காட்ட வேண்டும். இரண்டு பட்டியல்களையும் இணைக்க நான் போட்ட ஜாயினில் ஆர்டர் கொடுக்காதவர்கள் காணாமல் போனார்கள். இடைவேளைக்குப் பிறகு திருத்தலாம் என்றார் கண்காணிப்பாளர்.

டீக்கடையில் புலம்பினேன். காலையெல்லாம் டையை இறுக்கிக்கொண்டே பக்கத்தில் தேர்வெழுதியவர், இப்போது அதைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டபடி சிரித்தார்.

"ஒனக்கு இன்னும் டீ வரல. அதுக்காக நீ இங்க இல்லேன்னு ஆயிடுமா மச்சான்? ஆளுங்கள மொதல்ல வெச்சிகினு லெஃப்ட் ஜாயின் போடு. டீ வராதவன் பக்கத்துல காலியா வுடு, அவ்ளோதான்!"

டீயை மறந்து ஓடினேன். திரையில் அத்தனை பேரும் வந்து நின்றார்கள்! கத்தாத குறைதான். அவரிடம் காட்டத் திரும்பினால் நாற்காலி காலி.

"அவரு காலைல நடந்த கணக்குத் தேர்வுல ஃபெயில். டீக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டோமே," என்றார் கண்காணிப்பாளர்.

அப்படியானால் அந்த மனிதர் எதற்கு அவ்வளவு உற்சாகமாக இருந்தார்?