நல்லெண்ணெய்த் துப்பாக்கி

தங்கச்சி போன் பண்ணினால் முதலில் அழுவாள், பிறகுதான் விஷயத்துக்கு வருவாள். அன்று அழவில்லை. "அண்ணே, ஒங்க மாப்ள இந்தத் திருவிழாவுக்கு வெடி போடப் போறாராம். நீங்க வந்து அந்தச் சனியனப் பாத்துட்டு, சுடலாமா கூடாதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா அவரு காதுல ஏறாது" என்றாள். அழாமல் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மிக்ஸியை எடுத்து நீட்டுவார்கள், கிரைண்டரைக் காட்டுவார்கள். துப்பாக்கி பார்க்க என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. திருக்கோகர்ணத்தில் பஸ் ஏறிக் கீரனூரில் இறங்கினேன். தங்கச்சி புருஷன் பைக்கோடு நின்றார். ஊர் போய்ச் சேரும்வரை துப்பாக்கிப் பெருமைதான்.

அவர்கள் ஊரில் சாமி பாரிவேட்டைக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை வீட்டு ஆள் வானத்தைப் பார்த்து இரண்டு வெடி போட வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் பல்லக்கு நகரும். அவருடைய அப்பா தோட்டாவில் மருந்தைத் தானே அடைத்துச் சுட்டவர். அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து வெறும் அதிர்வேட்டுதான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் வாங்கி வருவார்கள். துப்பாக்கிக்கு அதைத் தவிர வேலை இல்லை. அப்பா காலமாகி, மகன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, லைசென்ஸ் இப்போதுதான் இவர் பேருக்கு மாறியிருந்தது. "இந்த வருசம் நம்ம வெடிதாங்க மச்சான்" என்றார்.

பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்படியா வைப்பது என்று திட்டிக்கொண்டேதான் எடுத்தேன். கையில் வந்ததும் கோபம் போய்விட்டது. சீமையில் கையால் செய்த இரட்டைக் குழல். பிடியில் செதுக்கிய கட்டக் கோடுகள் அத்தனை காலம் கை பட்டும் மழுங்கவில்லை. திருகாணிகளின் வெட்டுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன. அப்படி முடுக்க இன்று யாருக்குப் பொறுமை இருக்கிறது? பக்கத் தகட்டில் ஒரு காடையைச் செதுக்கியிருந்தான் அந்த மகராசன், இறகு இறகாக. குழல் முழுக்கப் பட்டுச் சேலை நெளிவு மாதிரி கோடுகள் ஓடின.

அந்தக் கோடுகள்தான் வில்லங்கம். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டவைத்த குழல் அது. மாப்பிள்ளையின் அப்பா அடைத்தாரே, அந்தப் பழைய கரிமருந்துக்கு என்று செய்தது. இப்போது கடையில் விற்கும் தோட்டாவைப் போட்டால் பிளந்துவிடலாம். பிளந்தால், குழலைத் தாங்குகிற இடது கை போய்விடும்.

மேலே இரண்டு குதிரைகள். விசையை இழுத்தால் சுத்தியல் மாதிரி விழுந்து ஊசியை அடிப்பவை. வலது பக்கம் பாதி தூக்கி நின்றது. இடது பக்கம், விசை இழுத்த பிறகு கிடப்பது மாதிரி, முழுக்கப் படுத்திருந்தது.

"காலியா மாப்ள?"

"காலிதாங்க" என்றார். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

யார் சொன்னாலும் நம்பாதே என்பது கிடங்குப் பழக்கம். தங்கச்சியை "அங்கிட்டுப் போ" என்று விரட்டிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். எருக்குழியைப் பார்த்துக் குழலைப் பிடித்துக்கொண்டு திறக்கப் பார்த்தேன். அசையவில்லை. குழல் மடங்கித் திறக்கும் மூட்டு முழுக்கப் பழுப்பாகப் பிசின். முகர்ந்தால் நல்லெண்ணெய்.

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் நாந்தான் போடுறேன்" என்றாள் தங்கச்சி, கதவுக்குப் பின்னாலிருந்து, பெருமையாக. "சந்தனம் வைக்கிறதுக்கு முன்னாடி நல்லாத் தடவி, ஓட்டையில எல்லாம் ஊத்திருவேன். எங்க மாமியா சொன்னது."

"ஏண்டி, இது துப்பாக்கியா, தலைக்குக் குளிக்க வந்த பிள்ளையா?" என்று கத்தினேன்.

மண்ணெண்ணெய் வாங்கி மூட்டிலும் ஊசித் துளையிலும் விட்டேன். படுத்திருந்த குதிரையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினேன். பிசின் இளகும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திறந்துகொண்டது. வலது குழல் காலி. இடது குழலில் சிவப்பாக ஒரு தோட்டா, புத்தம் புதுசு. அதன் பித்தளை அடியில், நட்ட நடுவில், ஊசி பட்ட சின்னக் குழி.

தோட்டாவை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"முந்தாநாள் வயக்காட்டுல ஒண்ணு போட்டுப் பாத்தேங்க. முட்டிக்கால்ல வச்சு அமுக்கித்தான் திறந்து போட்டேன். டிக்குன்னுச்சு, வெடிக்கல. மறுபடி திறக்கவும் முடியல. இவகிட்டச் சொன்னா வைவா. தோட்டா செத்துப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"தோட்டா சாகல மாப்ள. ஊசிதான் போகல" என்றேன்.

ஊசித் துளைக்குள் அத்தனை வருட நல்லெண்ணெய் கோந்தாக இறுகியிருந்தது. குதிரை பலமாக அடித்தும் ஊசி தோட்டாவைத் தொட்டதோடு சரி. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றதால்தான் திறக்கவும் வரவில்லை. பிசின் இல்லாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கச்சி கொல்லைப் படியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அவருடைய இடது கையை இழுத்து, விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. திட்ட வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்தது.

வேலைப்பாடு முதல் தரம், சுடுவதற்கு லாயக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். "சாமி நகரணுமேங்க" என்று மாப்பிள்ளை முனகினார்.

"இத்தன வருசம் அதிர்வேட்டுக்கு நகந்த சாமிதான? இந்த வருசமும் நகரும்."

கிளம்பும்போது தங்கச்சி பயந்து பயந்து கேட்டாள். "இனிமே அதுக்கு என்ன எண்ணெய்ணே போடணும்?"

துப்பாக்கி எண்ணெயைத் தவிர வேறெதுவும் இரும்பில் படக் கூடாது என்று கிடங்கில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

"நல்லெண்ணெய்தான்" என்றேன். "ஓட்டையில எல்லாம் நல்லா ஊத்து."