பொட்டு வைத்த ஃப்ளாப்பி

ஃப்ளாப்பிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டவள் நான்தான். பக்தி அதிகமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுத பூஜை அன்று அலுவலகத்தில் தராசுக்கு வைத்தார்கள், சைக்கிளுக்கு வைத்தார்கள், ஸ்டேப்ளருக்குக்கூட வைத்தார்கள். நான் வேலை பார்க்கும் சாமான் மட்டும் பொட்டில்லாமல் இருப்பானேன் என்று ஒரு வீம்பு.

எண்பதுகளின் கடைசி அது. வெளியூர் சர்க்கரை ஆலை ஒன்று திருக்கனூரில் வாடகைக் கட்டிடத்தில் ஒரு கரும்பு அலுவலகம் வைத்திருந்தது. மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் அங்கேதான் பதிவு செய்வார்கள். யார் முதலில் நட்டாரோ அவருக்கு முதலில் வெட்டு ஆர்டர் வரும். ஆர்டர் வராமல் யாரும் கரும்பில் கத்தி வைக்க முடியாது. வரிசையில் பின்னால் தள்ளப்பட்டவன் கரும்பு வெயிலில் நின்று பூத்து, உள்ளே பஞ்சாகி, எடை இல்லாமல் போகும். அதனால் நட்ட தேதி என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த தேதியைவிடப் பெரிது. என் அப்பாவும் இரண்டு காணி கரும்பு வைத்திருந்தார்.

ஃபீல்டுமேன்கள் கரும்புக் கொல்லை கொல்லையாகப் போய் நட்ட தேதியைச் சீட்டில் எழுதி, முத்திரை குத்திக் கொண்டுவருவார்கள். ஊர் ஊராக அந்தச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் அடித்து லிஸ்ட் தயாரிப்பது என் வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக நினைவு எதுவும் கிடையாது. ஒரு ஃப்ளாப்பியைப் போட்டால்தான் கண் விழிக்கும், இன்னொன்றைப் போட்டால்தான் லிஸ்ட் தெரியும். லிஸ்டுக்கு ஒரு நகல் ஃப்ளாப்பியும் வைத்திருந்தேன். ஆக மொத்தம் மூன்று.

பூஜை அன்று மூன்றையும் உறையிலிருந்து எடுத்தேன். உறைக்குப் பொட்டு வைத்தால் காகிதத்துக்கு வைத்த மாதிரி ஆகிவிடுமே! அந்தக் கறுப்புச் சதுரத்தில் நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்பு இருக்கும், உள்ளே பழுப்பாகத் தகடு தெரியும். பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் போல இருந்தது. ஈரச் சந்தனத்தை அங்கே வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். நகலுக்கும் வைத்தேன். கரும்பு அதிகாரி பார்த்துச் சிரித்து, "மெஷினுக்கும் மூஞ்சி கழுவி வுட்டியாமா?" என்றார்.

அன்றைக்கே இன்னொரு காரியமும் நடந்தது. பொரி மடிக்கக் காகிதம் போதவில்லை. அடித்து முடித்த சீட்டுகள் ஒரு மூட்டை கிடந்தன. "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி சார், இத கட்டிக் குடுத்துடலாமா?" என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சீட்டுகளில்தான் பொரியும் கடலையும் போனது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அப்பா பேர் போட்ட சீட்டைத் தேடி எடுத்து, அதில் மடித்துக்கொண்டு போனேன். விளையாட்டுத்தான்.

விஜயதசமி கழிந்த மறுநாள் காலை, கண் விழிக்க வைக்கும் ஃப்ளாப்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். உள்ளே கர்ர்ரென்று ஒரு சத்தம். டிஸ்க் சரியில்லை, மாற்றிப் போட்டு ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டு என்று திரையில் இங்கிலீஷில் வந்தது. தட்டினேன். மறுபடி அதே கர்ர்ர். வெளியே எடுத்துப் பார்த்தால் காய்ந்த சந்தனம் தகட்டில் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. அப்போதுதான் பொட்டின் வேலை என்று புரிந்தது. முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் குங்குமம் பரவியது. லிஸ்ட் ஃப்ளாப்பியை மாற்றிப் போட்டேன். அதுவும் கர்ர்ர். நகலைப் போட்டேன். மூன்று பொட்டும் உள்ளே போய் அரைபட்டதுதான் மிச்சம்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் கலங்கவில்லை.

"சீட்டுங்க கீதில்ல? மறுபடி அடிச்சிடு."

"சீட்டுல பொரி கட்டிட்டமே சார்."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அத மட்டும் வெளிய வுடாத. மேல தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேல கெடையாது. லிஸ்டு இல்லன்னா பெரிய கையி எல்லாம் மொதல்ல வெட்டிக்கினு போயிடும். சின்னக் கரும்புக்காரன் வந்து நம்ம கழுத்தப் புடிப்பான்." அடுத்த வாரம் ஆலையிலிருந்து ஆள் வந்து லிஸ்டை வாங்கிக்கொண்டு போவதாக இருந்தது.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. வெளியே எகத்தாளமாகப் பேசுவது அதை மறைக்கத்தான். அன்று எகத்தாளமும் வரவில்லை. அலுவலக வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டாலே யாரோ நட்ட தேதி கேட்க வந்துவிட்டார் என்று கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். ஊருக்குள் அதற்குள் "மெஷினு கெட்டுப்போச்சாம்" என்று பேச்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா சும்மா, "இன்னாமா, எங்க கரும்பு எப்ப?" என்று கேட்டாள். எனக்கு அழுகை முட்டியது. வீட்டில் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து, கம்ப்யூட்டர் விற்ற கடையிலிருந்து ஒருவர் புதுச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். பெட்டியைத் திறந்து, ஃப்ளாப்பி போடும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்து எடுத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது.

"இது இன்னாங்க, குங்குமமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே, அதக் குடுங்க."

"அதுக்கும் வெச்சேங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "பிளேடு இருக்கா? ஆறின வெந்நி வேணும், ஒரு தட்டும்" என்றார்.

லிஸ்ட் ஃப்ளாப்பியின் விளிம்பை பிளேடால் கிழித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊர் முழுக்க நட்ட தேதி அதற்குள் இருக்கிறது, இந்த மனுஷன் கோழி அறுப்பது போல அறுக்கிறாரே! கண்ணைத் திறந்தபோது பொரிக்காத அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒரு பழுப்பு வட்டம் அவர் விரலில் இருந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. அதைத் தட்டில் போட்டு, குளியல் சோப்பு நுரையில் விரல் நுனியால் தடவித் தடவிக் கழுவினார். தண்ணீர் செம்மண் நிறமானது.

"தண்ணில எழுத்து போயிடாதுங்களா?"

"தண்ணில போவாதுங்க. தேச்சாத்தான் போவும். யாராவது தேச்சீங்களா?"

முந்தானை ஞாபகம் வந்தது.

நூலில் கோத்து ஃபேனுக்குக் கீழே காயப் போட்டார். காய்ந்ததும் புது ஃப்ளாப்பி ஒன்றின் கூட்டைக் கிழித்து, இந்தத் தகட்டை அதில் நுழைத்தார். தான் கொண்டுவந்த ஃப்ளாப்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டியதும் கம்ப்யூட்டர் கண் விழித்தது. லிஸ்டை நகல் எடுக்கச் சொன்னார். கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது. விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா, கண்டுகொள்ளாமல் போகவா என்று திரையில் கேள்வி.

"ஆர்-ஐ அமுக்குங்க. மறுபடி பாக்கும். நிக்கிறப்பலாம் அமுக்கிக்கினே இருங்க." அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அமுக்கினேன். கர்ர்ர். அமுக்கினேன். கர்ர்ர். எத்தனை தடவை என்று தெரியாது. மயிலத்து முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன், அதுவும் என் தலையை. ஓர் அமுக்கில் தாண்டி ஓடும், மறுபடி நிற்கும். மத்தியானம் தாண்டி விரல் நுனி மரத்தபோது லிஸ்ட் முழுக்க வந்துவிட்டது, ஓர் இடம் தவிர. அந்த இடம் எவ்வளவு அமுக்கியும் நகரவில்லை. நகலைக் கழுவிப் போட்டுப் பார்த்தார். அதில் அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே நின்றுவிட்டது. கடைசியில் அவரே, "இத கண்டுக்காம போயிடலாம்" என்று வேறு பொத்தானைத் தட்டினார்.

திறந்து பார்த்தேன். நடுவில் சில வரிகள் வெறும் கிறுக்கலாக இருந்தன. மேலும் கீழும் இருந்த பேர்களைப் படித்ததும் தெரிந்துவிட்டது, அது எங்கள் ஊர். போன வரிகளில் அப்பாவும் ஒருவர்.

"உங்க ஊருதானமா? ஞாபகத்துல இருக்கறத போட்டுடு. யாரையும் கேக்காத" என்றார் அதிகாரி. போனது ஒரு தெருவுக்குள் அடங்கும் பேர்கள். எல்லாருடைய கொல்லையும் எனக்குத் தெரியும், யார் எப்போது கரும்புக் கரணை நட்டார் என்பதும் தெரியும். ஒவ்வொன்றாக அடித்தேன். அப்பா பேர் வந்தது. மார்கழி நாலாம் தேதி. அன்று நடவு ஆட்களுக்குச் சோறு கொண்டுபோனவள் நான்தான். மார்கழி என்று அடித்தால் முதல் வரிசை. நாளைக்கு யாராவது, "அப்பனுக்காகத்தான் மெஷின கெடுத்தா" என்று சொன்னால்? அந்த ஒரு பேச்சு பொரி மூட்டை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டால்? மூன்று மாதம் தள்ளிப் பங்குனி என்று அடித்தேன். இதை நேர்மை என்று யாரும் சொல்லவேண்டாம். பயம், வெறும் பயம்.

தை வந்தது, அக்கம்பக்கத்துக் கரும்பெல்லாம் வண்டியேறியது. அப்பாவுக்கு ஆர்டர் வரவில்லை. மாசியில் எங்கள் கரும்பு பூத்தது. அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார், என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். சித்திரை வெயிலில்தான் வெட்டு ஆர்டர் வந்தது. ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு.

கடைசி வண்டி போன மறுநாள், அப்பா சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பொரி மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. அப்பா பேர், முத்திரை, மார்கழி நாலு.

"பூஜ அன்னிக்கே பாத்தேன். நம்ம பேரு கீதேன்னு எடுத்து வெச்சேன்."

"அப்பறம் ஏன்பா ஆபீசுல வந்து காட்டல? மொதல்லியே வெட்டியிருக்கலாமே!"

"காட்டலாம். ஆபீசு காயிதம் பொரி கட்ட எப்பிடி வந்திச்சின்னு கேட்டா, நீ இன்னா சொல்லுவ?" அடுப்பைக் காட்டினார். "இனிமே எதுக்கு இது, உள்ள போட்டுடு. மெஷினு நம்ம பேர தொலச்சதுக்கு நீ இன்னா பண்ணுவ, பாவம்."

காகிதத்தை அடுப்பில் போட்டேன். மெஷின் இல்லப்பா, நான்தான் என்று சொல்ல அன்றைக்கும் எனக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை.