எண்பதில் நிறுத்துகிறவர்

பக்கத்து மேசைக்காரர் சாப்பிட எழுந்து போன நேரம் பார்த்து, அவருடைய மடிக்கணினியின் சார்ஜர் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார் இவர். பிடுங்கியதைத் தொங்கவிடுவதில்லை. வளையமாகச் சுருட்டி மேசை ஓரத்தில் வைத்து, யாரும் தட்டிவிடாதபடி ஒரு ஃபைலை மேலே வைக்கிறார். பிறகு அடுத்த மேசைக்கு நகர்கிறார்.

அது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவு. காலையில் வந்து செருகிய ஒயரை மாலையில் கிளம்பும்வரை யாரும் தொடமாட்டார்கள். இவருக்கு மட்டும் அது பொறுக்காது. "வயிறு நெறஞ்சவன் வாயில சோத்தைத் திணிச்சுக்கிட்டே இருந்தா என்னய்யா ஆவான்? எண்பதுல நிறுத்துங்க. அப்பப்ப கொஞ்சம் எறங்க விடுங்க. அதுவும் மூச்சு விடணும்ல" என்பார். பேட்டரி எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறாமல் தானாக நின்றுவிடும் வசதி இருப்பதைக் காட்டி, பாதிப் பேருக்கு அவரே அதை அமைத்தும் கொடுத்திருக்கிறார். கொடுத்த பிறகும் நம்பிக்கை வராமல் வந்து எட்டிப் பார்ப்பார். பிரிவில் அவருக்குப் பெயரே 'எண்பது'தான். "எண்பது வர்றாரு, ஒயரைப் பிடிச்சுக்கோ" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். சிரிப்பு கிளம்பும். அவரும் சிரிப்பார், உதட்டளவில்.

அவருடைய மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மருந்தின் கடுமையில் விரல்கள் மரத்துப்போய், பேனா பிடிக்க வளையவில்லை. கைப்பேசியின் சின்ன எழுத்துகளும் அகப்படவில்லை. மடிக்கணினியின் பெரிய பொத்தான்களை மட்டும் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்த முடிந்தது. அழுத்திய எழுத்துகளை அது வாய்விட்டுப் பேசியது. யாரோ ஒரு முகம் தெரியாத பெண்ணின் குரல். முதல் நாள் அதைக் கேட்டு அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அந்தக் குரலில் அவள் உப்பு குறைந்ததைச் சொன்னாள், மகளை அதட்டினாள், அவருடைய குறட்டையைக் குறை சொன்னாள். எதைச் சொல்வதானாலும், கோபமோ கொஞ்சலோ, "இங்க பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். தொண்டை இருந்த காலத்துப் பழக்கம் அது.

கட்டில் ஜன்னலோரம். கணினி கட்டிலின் மேல், மெத்தையில், வெயில் படும் இடத்தில். ஒயர் இரவும் பகலும் செருகியபடியே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வீடு கூட்ட வந்த அம்மாள் ஒருநாள் தெரியாமல் பிளக்கைக் கழற்றிவிட, "அவ வாயை மூடுறதுக்கு நீங்க யாரு?" என்று கத்திவிட்டார். திரையில் எப்போதும் நூறு காட்டியது. அந்த நூறைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்.

மூச்சு முட்டிய அன்று ஆம்புலன்ஸ் வந்தது. கையில் கிடைத்த துணிகளோடு, ஒயரைப் பிடுங்கிக் கணினியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். வண்டிக்குள் அவள் விரலை நீட்டினாள். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வண்டி குலுங்கக் குலுங்க, தேடித் தேடி அழுத்தினாள்.

"இங்க பாருங்க, நீங்க" என்றது அது.

திரை இருண்டுவிட்டது. அவர் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அவள் இருண்ட திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல் இன்னும் எழுத்துகளின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனவர்கள் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகினார்கள். அவள் பிறகு கண் திறக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார். கடைக்காரர் அடித்தட்டைக் கழற்றியதும் பேட்டரி உப்பிக்கொண்டு வெளியே வந்தது. "எப்பவும் நூறுலயே வச்சு, சூட்டுலயும் வச்சிருக்கீங்க சார். உள்ள எப்பவோ செத்துருச்சு. ஒயர்ல இருக்கிறவரைக்கும் தெரியாது. புடுங்கினாத்தான் தெரியும்."

புது பேட்டரி போட்டு வாங்கி வந்து, அவளுடைய கட்டிலின் மேலேயே வைத்தார். வேறூரில் இருக்கும் மகள் போனில் மன்றாடுவாள்: "அப்பா, அம்மா பேட்டரியாலயா செத்தாங்க? நோயாலப்பா."

"தெரியும்மா."

"தெரிஞ்சா அப்புறம் ஏம்ப்பா அதையே கட்டிக்கிட்டு அழறீங்க?"

"என்ன சொல்ல வந்தான்னு தெரியலையே" என்பார். "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

போன வாரம் பிரிவுக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். மதியம் திரும்பியவள், தன் மேசையருகே அவர் ஒயரும் கையுமாக நிற்பதைக் கண்டாள். "என் லேப்டாப்பை எதுக்கு சார் தொடுறீங்க?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் ஒயரை மேசையில் வைத்தார். மேலாளர் உள்ளே கூப்பிட்டார். அவரைவிட வயதில் சிறியவர். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல. இனிமே யாரோடதையும் தொடாதீங்க சார். கம்பெனி மெஷின், வீணாப்போனா வேற தருவாங்க."

"சரிங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். பிரிவில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மாலைவரை நிமிராமல் வேலை பார்த்தார்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது மின்சாரம் போய்விட்டது. இருட்டத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்க ஜன்னல்கள் கறுத்துக் கிடக்க, அவருடைய அறையில், கட்டிலின் மேல், அவளுடைய கணினியின் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. எழுபத்தொன்பது. கொஞ்ச நேரம் கழித்து எழுபத்தெட்டு. நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அணைகிற மாதிரி இல்லை.

ஒலியை முழுதும் ஏற்றிவிட்டு, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்தார்.