மஞ்சக்கடம்புக் கட்டையில் பாவாயி

மரக்கட்டையில் படம் வெட்டுகிறவன் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் வெட்ட வேண்டும். காகிதத்தில் அச்சாகும்போதுதான் அது நேராகும். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, அச்சாபீசுகளுக்குக் கட்டை வெட்டினேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

பக்கம் மாறிய அம்மன்

திருச்செங்கோட்டுத் தேர் நோட்டீசுக்கு அர்த்தநாரீசுவரர் படம் வெட்டினேன். என் மனைவி பாவாயி தலைவாரும்போது கட்டையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாமா, அம்மன் பக்கம் மாறுதுங்களே" என்றாள். வேலை நேரத்தில் பேசாதே என்று அதட்டினேன்.

நோட்டீசெல்லாம் அச்சாகிவிட்டது. அதற்குச் சொல்லியிருந்த ஜவுளிக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க, அம்மனை வலப்பக்கம் கொண்டாந்துட்டீங்களே. ஊருக்குள்ள என்னைத்தானுங்க கேப்பாங்க" என்றார்.

ராணியின் மூக்கு

அதன் பிறகு, இனி ஒரு தப்பும் வரக்கூடாது என்று ஒரே வைராக்கியம். வேலை, வேலை என்று வாரக்கணக்கில் பாவாயியிடம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் துணிமணியைக் கட்டிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் அந்த அறை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

வருகிறவர்களையெல்லாம் பிடித்துவைத்துப் பேச ஆரம்பித்தேன். நாமக்கல்லில் இருந்து வந்த நாடகக்காரர் ஒருவரிடம் மழையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசிக்கொண்டே அவருடைய நாடக நோட்டீசுக்கு ராணி படம் வெட்டியதில் உளி வழுக்கி, ராணியின் மூக்கு தெறித்துவிட்டது. அவர் கட்டையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பேச்சுத் தொணைக்கு ஆள் வேணும்னா ஊட்டுக்காரம்மாவக் கூட்டியாந்து வெச்சுக்குங்க சாமி. எங்க ராணி மூக்கை உட்டுருங்க" என்றார்.

அச்சு அசல்

அவளைத் திரும்ப வரவழைக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நல்ல மஞ்சக்கடம்புக் கட்டையாகப் பார்த்து வாங்கி, அவள் முகத்தை வெட்டினேன். இடம் வலத்தை மூன்று தடவை கண்ணாடியில் சரிபார்த்தேன். மூக்குத்திக்கு மட்டும் இரண்டு நாள். ஒரே ஒரு தாளில் அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பினேன். தினமும் தபால்காரர் போகிற நேரத்துக்கு வாசலில் நின்றேன்.

இருபது நாள் கழித்து, சந்தைக்கு வந்த அவள் அண்ணன் எட்டிப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "படம் அச்சு அசலா இருக்குதுன்னு ஊரே பாத்துட்டுப் போச்சுங்க மாப்ள. அவதான், 'இத்தனை பாடுபட்டு வெட்டுனவுங்க, ஓரத்துல வான்னு ஒரு வார்த்தை எழுதலீங்களே அண்ணா'ன்னு கேட்டா."

செய்த தப்புகளிலிருந்து எல்லாம் கற்றுக்கொண்டவன் என்ற தைரியத்தில் அன்றைக்கே சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறி, வழி நெடுக வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போய், வாசலில் அவளைக் கண்டதும் நான் முதலில் கேட்டது, படத்தில் காது சரியாக வந்திருக்கிறதா என்றுதான்.