வலது திரையில் பத்து நிமிடம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த வாரம் முழுக்க நான் ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றதும், அதை விற்ற கடைக்காரரைப் போனில் காய்ச்சி எடுத்ததும் உங்களுக்கு விளங்காது.

அப்போது காஜா பேராங் வட்டாரத்தில் குடியிருந்தோம். மலாய் நாடகங்களுக்குக் கீழே தமிழில் எழுத்து ஓடுமே, அதை வீட்டிலிருந்தே எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு இரண்டு திரை வேண்டும். இடது திரையில் நாடகம் ஓடும், வலது திரையில் நான் எழுதுவேன். இடது திரை புதிதாக வாங்கியது. வலது திரை, என் வீட்டுக்காரர் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது அவர் கையோடு தூக்கி வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து உழைத்த இடம். கடைசியில் மிச்சம் அந்த ஒரு திரைதான்.

அதற்குப் பிறகு அவருக்கு மாதக்கணக்கில் வேலை கிடைக்கவில்லை. விண்ணப்பம் அனுப்புவார், பதில் வராது. ஐம்பதைத் தாண்டியவருக்கு இனி யார் வேலை கொடுப்பார் என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார்கள். அப்படி இருக்கும்போதுதான் புக்கிட் ரம்பாயில் ஒரு கிடங்குக்கு மேற்பார்வையாளர் தேவை என்று அழைப்பு வந்தது. நேர்காணல் வீடியோவில், கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் கம்ப்யூட்டரின் முன்னால் அவர் உட்கார வேண்டும். இதுவும் கைநழுவினால் அந்த மனிதர் உள்ளுக்குள் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். அவர் காட்டிக்கொள்ளவில்லை. நான்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடிகாரம் சதி செய்தது. நான் வேலை செய்யும்போது நாடகம் திரை முழுக்க அடைத்துக்கொள்ளும், மூலையில் இருக்கிற நேரம் மறைந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக நேரம் காட்டுகிற ஓர் இலவசக் கடிகாரத்தை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தேன். ஒரு திரைக்கு ஒன்று. சும்மா கிடைத்த சாமான் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தால் இரண்டு கடிகாரமும் இடது திரைக்கு ஓடிப்போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிரித்து வைத்தால் வலது பக்கத்துக் கடிகாரம் பாதித் திரைக்கு வீங்கும். அதையெல்லாம் ஒருவழியாக அடக்கினேன். அடக்கி முடித்த பிறகு பார்த்தால், இடது திரையில் நான்கு மணி, வலது திரையில் நான்கு பத்து.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே மின்சாரம், ஒரே மேசை. அது எப்படி முழங்கை நகர்த்துகிற தூரத்தில் பத்து நிமிடம் ஓடிவிடும்? அணைத்துப் போட்டேன். கடிகாரத்தை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். பழைய அமைப்புகளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று அது பெருமையாகச் சொன்னது, பத்து நிமிடத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருந்தது. மேசைக்கு அடியில் படுத்துக் கேபிள்களை மாற்றி மாட்டினேன். பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்த மாதிரி, கூடுதல் நிமிடம் இடது திரைக்கு வந்தது. ஆக, கம்பெனித் திரையில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. அதற்குள் அந்தத் திரையையும் அந்தக் கம்பெனியையும் அதன் முதலாளியையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டி முடித்திருந்தேன். கேபிளைத் திரும்ப மாட்டினேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வைரஸாக இருக்கலாம் என்றார். பத்து நிமிடம் மட்டும் திருடுகிற வைரஸை இவர் எங்கே கண்டார் என்று கேட்டேன். வேலிப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவர் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த ஊரோடு கலந்துவிட்டவர்கள். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேச்செல்லாம் மலாய். தன் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிடம் வேகமாகத்தான் ஓடுகிறது, அதில் என்ன குறை கண்டாய் என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். எங்கள் வீட்டிலும் எந்தக் கடிகாரமும் சரியான நேரம் காட்டியதில்லை. கூடத்தில் பத்து நிமிடம் முன்னால், சமையலறையில் ஐந்து நிமிடம் முன்னால். வீட்டுக்காரர் வேலைக்குப் பிந்தக்கூடாது என்று நானே திருப்பி வைத்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பார், மனதுக்குள் பத்தைக் கழிப்பார், ஆற அமரப் பல் துலக்குவார். அவர் கழிக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கடிகாரத்தைச் சரியாக வைக்க யாருக்கும் மனசு வந்ததில்லை. சரியான நேரம் காட்டுகிற கடிகாரத்தை நம்பி ஒரு குடும்பம் எப்படிக் கிளம்பும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசி முயற்சியாக வலது கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்துச் சொடுக்கினேன். திறந்த பெட்டியின் அடியில், கூட்ட வேண்டிய நிமிடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பத்து என்று போட்டிருந்தது. அது தானாகப் பத்து போட்டுக்கொள்ளாது. அவர் மறுநாளைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, தலை நிமிராமல், “நான்தான் வெச்சேன்” என்றார்.

“ஏங்க, ஒரு வாரமா மேசைக்கு அடியில உருண்டுட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீ திட்டுற வேகத்துல எப்படிச் சொல்றது?” என்றார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். “கூடத்துல உக்காந்தா அந்தத் திரைதான் கண்ணுக்கு நேரா இருக்கு. வேலை இல்லாதவனுக்குப் பகல் போகவே மாட்டேங்குது. பத்து நிமிஷமாவது குறையட்டும்னு வெச்சேன்.”

அழ வேண்டிய இடம்தான், ஆனால் அழத் தெரியாமல், காலர் ஓரத்தை ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று அவரைத் திட்டினேன். அப்புறம் நாளைக்கு நேர்காணல் இருக்கிறது, இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம் என்று அவர் கண்ணெதிரிலேயே கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டேன். இரண்டு திரையும் ஒரே நேரத்தைக் காட்டின. ஒரு வாரப் போரில் வென்ற திமிரோடு படுக்கப் போனேன்.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் குளித்து, திருநீறு பூசி, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டார். இடது திரையில் நேர்காணல் பக்கத்தைத் திறந்து தயாராக வைத்தேன். அவருடைய போன் அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் பசியாற உட்கார்ந்தோம். சாப்பாட்டு மேசையிலிருந்து வலது திரை நன்றாகத் தெரிந்தது. பத்து அடிக்க இரண்டு நிமிடம் என்று காட்டியது.

“இன்னும் நேரம் இருக்கு,” என்று அவர் ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தொட்டார்.

“நிறைய இருக்கு. நிதானமா சாப்பிடுங்க,” என்று சொன்னது வேறு யாருமில்லை, நானேதான். முந்தின நாள் பூஜ்யம் போட்ட அதே கைதான் அவருக்கு இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தது.

அறையில் போன் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார், முகம் வெளுத்துவிட்டது. காத்திருக்கிறோம், நீங்கள் வரவில்லையா என்று கேட்டார்களாம். நான் வலது திரையைப் பார்த்தேன். பத்து மணி ஆறு நிமிடம். அது முழு உண்மை, கழிக்க ஒன்றுமில்லை. அந்த நொடியில் என் தலையை நானே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மேலே சட்டையும் கீழே கைலியுமாக அவர் ஓடிப்போய் நாற்காலியில் விழுந்தார்.

இடது திரையில் ஓர் அம்மாள் தெரிந்தார். தமிழ்க்காரர்தான், முகத்தில் சிரிப்பில்லை. முதல் கேள்வியே, ஏன் தாமதம் என்பது. இணையம் சரியில்லை என்று சொல்லச் சொல்லி, கதவோரம் நின்று வாயசைத்தேன், கையையும் ஆட்டினேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். எங்கள் வீட்டுக் கடிகாரமெல்லாம் பத்து நிமிடம் வேகம், நேற்று மனைவி இதைச் சரி செய்துவிட்டார், பழக்கத்தில் இருவருமே கழித்துவிட்டோம் என்றார். தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாகவும் வேண்டிக்கொண்டேன்.

“காலையிலேர்ந்து பிந்துனவங்க எல்லாரும் இண்டர்நெட்டுன்னுதான் சொன்னாங்க,” என்றார் அந்த அம்மாள். அதோடு அதை விட்டுவிட்டுக் கிடங்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். சரக்கு இறக்குவது, அடுக்குவது, ஆட்களைச் சமாளிப்பது என்று இவர் பேசப் பேச, இவர் குரல் இவ்வளவு பெரியது என்பதையே நான் மறந்து போயிருந்தேன் என்று தோன்றியது. கடைசியில், உங்களை எடுத்தால் எப்போது வர முடியும் என்று கேட்டார்.

“இப்பவே கிளம்பட்டுமா மேடம்? மோட்டார் சைக்கிள் வெளியதான் நிக்குது.”

அந்த அம்மாள் அப்போதுதான் சிரித்தார். நாளைக் காலை எட்டு மணிக்குக் கிடங்கில் இருப்பவர்களைப் பார்த்து வேலையை ஆரம்பித்தால் போதும் என்றார். திரை அணைந்தது. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை. கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளை மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நாளைக்குத்தான் வரச் சொல்றாங்க. இன்னிக்கு முழுக்க நான் என்னம்மா செய்யறது?”