புளி போட்டுத் தேய்த்த கார்புரேட்டர்

என் கணவருக்குக் கார் பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. ரோட்டில் போகிற எந்தக் காரையும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு காரின்மேல் பைத்தியம். கொச்சியில் கொச்சங்காடிப் பக்கம் ஒரு சுக்கு குடோனின் மூலையில் கிடந்த வண்டி அது. சுதந்திரத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். எழுபதுகளின் கடைசியில் அவர் அதைக் கண்டுபிடித்தபோது அதன் தலைமேல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். யாராவது எடுத்துக்கொண்டு போனால் இடம் மிச்சம் என்று குடோன்காரர் காத்திருந்தார். இவர் போய் மாட்டிக்கொண்டார். நானும் மாட்டிக்கொண்டேன்.

அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் மிளகு ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். அவருக்குக் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. படகு, பஸ் என்று மாறி மாறிப் போய்விட்டு வந்தால் காப்பி குடிப்பதற்கு முன்னால் வாசல் ஷெட்டுக்குத்தான் போவார். ஷெட்டில் அந்த வண்டி சக்கரமில்லாமல் செங்கல்மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை என்று நான் சொல்வதுண்டு. அவர் சிரிக்கமாட்டார்.

ஓட வைப்பது மட்டும் அவர் லட்சியம் இல்லை. வண்டி பிறந்தபோது என்னவெல்லாம் இருந்ததோ அவ்வளவும் அப்படியே இருக்க வேண்டும். 'டூப்ளிகேட்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தையாக வைத்திருந்தார். கலூரில் இருந்த மெக்கானிக் ஒருவர், "சேட்டா, கோயம்புத்தூர்லேந்து புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா நாளைக்கே ஓடும்" என்று சொன்னதற்காக அவரிடம் பேசுவதையே நிறுத்தினார்.

மற்றதெல்லாம் ஒருவழியாகக் கூடி வந்தது. கடைசியில் நின்றது கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற சாமான் அது. டிகாக்ஷனில் பால் கலக்கிற வேலைதான், அளவு தப்பினால் வாயில் வைக்க முடியாது. அதன் மூடியில் ஒரு திருகாணிக்கு அடியில் கட்டைவிரல் நகத்தளவு பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். எந்த வண்டிக்காகச் செய்தது என்பதை எழுத்தும் எண்ணுமாக அதில் அடித்திருப்பார்கள். வண்டியோடு வந்த கைப்புத்தகத்திலும் அதே எண் இருந்தால் அது அந்த வண்டியின் சொந்தக் கார்புரேட்டர். இல்லாவிட்டால் எங்கிருந்தோ கழற்றி மாட்டியது.

எங்கள் தகட்டில் எண்ணே தெரியாது. எண்ணெயும் சுக்குத் தூளும் சேர்ந்து தார் போல அப்பியிருந்தது. வருகிறவர்களுக்கு அவர் தகட்டைக் காட்டமாட்டார். உள்ளே இருக்கிற ஊசியைத்தான் எடுத்துக் காட்டுவார். அதன் அடியில் பொடியாக இரண்டு எழுத்து. பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, கைப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து, "சரியா இருக்கா? ஊசி அசல்னா எல்லாம் அசல்" என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஊசி தேய்ந்தால் யாரும் மாற்றக்கூடிய சாமான் என்பது எனக்கே தெரியும். "அந்தத் தகட்டைக் கொஞ்சம் துடைச்சுப் பார்த்தா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அழுக்குதான் அதுக்கு சாட்சி. துடைச்சா வயசு போயிடும்" என்றார்.

பெரிய தத்துவம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா எங்களோடு இருக்க வந்தார். பாலக்காட்டில் புருஷன் போன பிறகு மைத்துனர்கள் வீட்டில் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தவர். குழந்தை இல்லை. அங்கே பேச்சும் ஏச்சும் பொறுக்க முடியாமல் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். "இனிமே நீ அங்க போக வேண்டாம், இங்கயே இரு" என்று இவர்தான் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அக்கா அந்த வார்த்தையை முழுக்க நம்பவில்லை. தம்பி வீட்டில் சும்மா சாப்பிடுகிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே அவருக்குக் கவலை. நான் எழுந்திருக்கும்போது வாசல் தெளித்திருக்கும். டப்பாவில் சாதம் கட்டியிருக்கும். துவைக்கப் போடாத துணியைக்கூடத் துவைத்துவிடுவார். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டாவது மாதம் அவர் இல்லாமல் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்று ஆகிவிட்டது. போய்விடுவாரோ என்று நான் பயப்பட ஆரம்பித்தேன்.

எறணாகுளத்தில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கப்போவதாக ஒரு செய்தி வந்தது. இரண்டு பிரிவு. ஒன்று, எல்லாமே அசலாக இருக்கிற வண்டிகள். இன்னொன்று, ஓடினால் போதும் என்கிற வண்டிகள். இரண்டாவதை இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முன்கூட்டி ஒருவர் வந்து பார்த்துச் சொல்லுவார் என்றார்கள். தேயிலை எஸ்டேட்டில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. விஜயதசமியன்று வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

நவராத்திரியில் எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். அஷ்டமி சாயங்காலம் புத்தகமும் ஆயுதமும் பூஜைக்கு வைப்போம். வைத்த பிறகு தசமி காலையில் எடுக்கிற வரைக்கும் யாரும் அவற்றைத் தொடக்கூடாது. அஷ்டமியன்று காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில் இவர் சொன்னார்: "அக்கா, ஷெட்ல பேப்பர்மேல கார்புரேட்டர் கழட்டி வெச்சிருக்கேன். ஸ்பானர், கைப்புஸ்தகம், எல்லாத்தோடயும் அதையும் பூஜைல வெச்சுடு." ஊசியை மட்டும் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் வீடு திரும்பியபோது விளக்கேற்றிப் பூஜைக்கு வைத்தாகிவிட்டது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி. அதன்மேல் புத்தகங்கள், என் டைப்ரைட்டிங் சர்டிபிகேட், ஸ்பானர்கள். நடுவில் கார்புரேட்டர், தகதகவென்று. பித்தளையைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்திருந்தார். அலுமினியத்தைச் சாம்பலால் தேய்த்திருந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு பூ. அப்படி ஒரு கரியை அம்மன் முன்னால் வைக்கலாமா என்று மத்தியானம் முழுக்கக் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தாராம். நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இவர் குனிந்து பார்த்தார். தொட முடியாது. தகட்டில் எண் பளிச்சென்று தெரிந்தது. நானே நின்ற இடத்திலிருந்து படித்தேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. நேரே ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பின்னாலேயே போனேன். "என்ன ஆச்சு? கீறிடுத்தா?"

"நம்பர் வேற."

"புஸ்தகம் பூஜைல இருக்கே, திறக்காம எப்படித் தெரியும்?"

"எனக்கு மனப்பாடம்." பிறகு அவரே சொன்னார்: "வாங்கின புதுசுல ஒரு ஓரத்தைத் துடைச்சேன். முதல் ரெண்டு எழுத்து தெரிஞ்சுது. அதுவே சரியாப் படலை. அதோட நிறுத்திண்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை வருஷம் வந்தவர் போனவருக்கெல்லாம் ஊசியைக் காட்டிக்கொண்டிருந்த மனுஷர், பக்கத்தில் இருந்த தகட்டைப் பார்க்கப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்புப் போய்விட்டது. "நான் அதை ஏன் தொடாம வெச்சிருக்கேன்னு ஒருத்தருக்கும் தோணலையே. யார் இவளைத் தேய்க்கச் சொன்னா?"

நவமி முழுக்க அவர் பூஜை அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பூஜையில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்யக்கூடியதாக இருந்திருந்தால் திரும்ப எண்ணெய் பூசியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவர் இன்னும் இரண்டு மடங்கு வேலை செய்துகொண்டிருந்தார். நான் சொல்லியிருக்கலாம். தம்பியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

தசமி காலையில் பூஜை எடுத்ததுமே எஸ்டேட் எஞ்சினியர் வந்துவிட்டார். தோட்டத்துத் தமிழர்களோடு பழகியவர், நன்றாகத் தமிழ் பேசுவார், நடுநடுவே மலையாளம் கலக்கும். வண்டியைச் சுற்றி வந்தார். கார்புரேட்டருக்குள் இருந்த சின்னப் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டு, அது 'டக்'கென்று விழுகிறதா என்று பார்த்தார். பிறகு மூடியைக் கையில் எடுத்துத் தகட்டைப் படித்தார். கைப்புத்தகத்தில் பக்கம் புரட்டினார். இவர் ஊசியை நீட்டினார். அவர் அதை வாங்கவே இல்லை.

"கார்புரேட்டர் ஒரிஜினல் தன்னே. பக்ஷே வேற வண்டியோட ஒரிஜினல். இதைவிட ஒரு சைஸ் பெரிய வண்டியோடது. ஆரோ பண்டே, ரொம்ப முன்னாலயே, மாட்டியிருக்காங்க. ஊர்வலத்துக்கு வரலாம், ரெண்டாவது பிரிவில" என்றார். பிறகு மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இத்ர வ்ருத்தியா, இவ்வளவு சுத்தமா, இதை யாரு தேய்ச்சது? நான் பார்த்த வண்டிகள்ல ஒரு தகடுகூட இப்படிப் படிக்க முடிஞ்சதில்லை" என்றார்.

காப்பித் தம்ளர்களோடு வந்த அக்கா அதைக் கேட்டார். அவருக்கு நம்பர் விஷயம் ஒன்றும் புரியவில்லை, பாராட்டு மட்டும் புரிந்தது. "நான்தான். புளிதான் போட்டேன்" என்று சொல்லி முகமெல்லாம் மலர நின்றார். வந்து இத்தனை நாளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எஞ்சினியர் வாசல் தாண்டினாரோ இல்லையோ, இவர் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, இனிமே இந்த ஆத்துல ஒண்ணையும் தொடாதே. உன் வேலையைப் பார்த்துண்டு சும்மா இரு."

"இங்க என் வேலை எதுடா?" என்று கேட்டார் அக்கா. சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். இவர் ஷெட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். இவரை உலுக்கினேன். "அவளா போறா, நான் போன்னு சொன்னேனா?" என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. நான்தான் படகில் கூடப் போய், எறணாகுளம் ஸ்டேஷனில் பாலக்காட்டு ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஊர்வலத்துக்கு இவர் போனார். இரண்டாவது பிரிவில்தான். புதுக் கார்புரேட்டர் எங்கும் தேடவில்லை, அதையே மாட்டினார். வண்டி தும்மாமல் விக்காமல் காயலோர ரோட்டில் ஓடியது. நான் பின்சீட்டில் இருந்தேன். வண்டியை நிறுத்திய இடத்தில் கூட்டம் கூடியது. யாரோ ஒருவர், எல்லாம் அசலா என்று கேட்டார்.

"கார்புரேட்டர் மட்டும் வேற வண்டியோடது. தகட்டைச் சுத்தம் பண்ணிப் பார்த்தேன், நம்பர் ஒத்துவரலை. இருக்கறதை இருக்குன்னு சொல்லிடணுமே" என்றார் இவர்.

எவ்வளவு நேர்மையான மனுஷர் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவரும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறந்து இறங்கி, படகுத்துறைக்கு நடந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலக்காடு போனேன். அக்கா அதே பின்கட்டு அறையில் இருந்தார். வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவர், "வண்டி ஓடித்தா?" என்று கேட்டார்.

"நன்னா ஓடித்து."

"நான் தேய்ச்சுக் கெடுத்த அந்தச் சாமானுக்கு பதிலா வேற கிடைச்சுதோ?"

"இல்லைக்கா. அதேதான். நீங்க தேய்ச்சதுதான்."

நாரை விரலில் சுற்றி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். "அதுலயேதான் ஓடறதா? அப்போ நான் எதுக்குடீ கிளம்பி வந்தேன்?"

அவர் என்னோடு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அக்கா கேட்டதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது. பிறகு, மோர் இருந்தால் கொண்டு வா என்றார்.